மாசுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா?

"இனிப்பே தொடாதவருக்கும் சர்க்கரை நோய் வருகிறதே, சுற்றுச்சூழல் மாசு காரணமாக இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக் காரணம் அல்ல. ஆனால் பங்கு இருப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. (இனிப்பால்தான் வருகிறது என்பதே அரைகுறை உண்மை, அது வேறு கதை.)

அதிகம் ஆராயப்பட்டது காற்று. 2.5 மைக்ரோமீட்டரும் அதைவிடச் சிறியதுமான புகைத்துகள்கள் நுரையீரலின் அடிவரை போய், உடலெங்கும் லேசான அழற்சியைத் தூண்டுகின்றன. அது நீடித்தால் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனான இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாக மசிவதில்லை. கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து கொஞ்ச காலம் சமாளிக்கும், அப்புறம் களைத்துவிடும். 2016இல் உலகளவில் சுமார் 32 லட்சம் பேருக்குப் புதிதாக நீரிழிவு வந்ததற்கு இத்துகள்களே காரணம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ரசாயனங்களில் முக்கியமானவை குடிநீரில் கலக்கும் ஆர்சனிக்கும், உடல் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் டையாக்சினும். வியட்நாம் போரில் டையாக்சின் கலந்த களைக்கொல்லியான ஏஜென்ட் ஆரஞ்சுக்கு ஆளான தன் வீரர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தால் அமெரிக்க அரசு இழப்பீடு தருகிறது.

ஆனால் இவை பெரும்பாலும் மக்கள் கூட்டத்தைக் கவனித்துக் கண்ட தொடர்புகள். எடை, உணவு, வருமானம் எல்லாம் கூடவே கலந்திருப்பதால், தனி ஒருவரைக் காட்டி 'உங்களுக்குப் புகையால்தான் வந்தது' என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.