திரவம் பட்ட பிளாஸ்டிக் ஏன் விரிசல் விடுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: கடைக் கவுண்டரில் அக்ரிலிக் தடுப்பு வைத்திருக்கிறோம். சானிடைசரால் துடைத்துத் துடைத்து, திருகுத் துளைகளைச் சுற்றி நுண்ணிய கோடுகள் வந்துவிட்டன. அரித்துவிட்டதா, ஐயா?

பதில்: அரித்திருந்தால் தகட்டின் நடுப்பகுதியும் கெட்டிருக்க வேண்டுமே! அங்கும் அதே சானிடைசர்தானே பட்டது? துளையிட்டபோது உள்ளே தங்கிய தகைவும் (பொருளுக்குள் நிலவும் இழுவிசை, stress) திருகின் இறுக்கமும் சேர்ந்து துளையோரத்தை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆல்கஹால் அங்கே ஊடுருவி, நெடிய மூலக்கூற்றுச் சங்கிலிகளின் பரஸ்பரப் பிடியைத் தளர்த்துகிறது. வேதிவினை எதுவும் இல்லை. சங்கிலிகள் வழுக்கி விலகுகின்றன. இப்போது தெரியும் கோடுகளுக்குள் மெல்லிய இழைகள் இரு கரைகளையும் இன்னும் இணைத்திருக்கும். அவையும் விட்டுப்போனால்தான் முழு விரிசல்.

இனி மிதமான சோப்பு நீர் போதும். புதுத் தகடு போட்டால், துளை திருகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். துளையிட்டபின் 80 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் தகைவு பெருமளவு தணியும். பட்டறையில் கேட்டால் முறைப்பார்கள், விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பாலிகார்பனேட் மூடிமேல் சுமையே இல்லை. அசிட்டோன் பட்டதும் ஏன் வெடித்தது?

பதில்: சுமை வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. அச்சுக்குள் சீரற்றுக் குளிரும்போதே தகைவு மாட்டிக்கொள்கிறது. கூர்மையான மூலைகளில் அதன் வேலை இன்னும் அதிகம். வெள்ளைத் திரை காட்டும் எல்சிடி முன் மூடியைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியே பாருங்கள். நிறப்பட்டைகள் நெருங்கும் இடத்தைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: சிபிவிசி குழாய் மரையில் பிளம்பர் சமையல் எண்ணெய் தடவினார். பரவாயில்லையா?

பதில்: கூடாது. எண்ணெயும் ஊடுருவிச் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்தும். டெஃப்லான் டேப் போதும். மென்மையான பிவிசி ஒயரைக்கூடக் குழாய்மேல் கட்டாதீர்கள். ஒயரிலிருந்து கசியும் மென்மையாக்கியும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: பாலிஎத்திலீன் கேன் சோப்புக் கரைசலைத் தாங்கும் என்று அட்டவணை சொல்கிறதே, பிறகு ஏன் கைப்பிடியடியில் பிளந்தது?

பதில்: அத்தகைய அட்டவணைகள் பெரும்பாலும் தகைவில்லாத துண்டை ஊறவைத்துத் தயாரித்தவை. உங்கள் கேனோ அடுக்கப்பட்டு நசுங்கி நிற்கிறது. ஏஎஸ்டிஎம் டி1693 என்ற தர நிர்ணயச் சோதனையில் கீறிய துண்டுகளை வளைத்து, சோப்புத்தன்மையுள்ள கரைசலில் 50 டிகிரியில் மூழ்கவைத்து, எப்போது பிளக்கின்றன என்று பார்ப்பார்கள். அந்த முடிவைச் சப்ளையரிடம் கேளுங்கள். பொதுவாக, உருகு ஓட்டக் குறியீடு (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு) குறைந்த, அதாவது சங்கிலி நீண்ட ரகமே அதிகம் தாங்கும்.