ஞாயிற்றுக்கிழமை இருக்கும் விசுவாசம் திங்கட்கிழமையும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்ட தம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். ஆலயத்தில் பாடும்போது கண் கலங்குகிறது, பிரசங்கம் கேட்கையில் நல்ல தீர்மானங்கள் எடுக்கிறேன், ஆனால் திங்கட்கிழமை மதியத்துக்குள் எல்லாம் கரைந்துவிடுகிறது, வேதம் வாசிக்கவும் நேரம் கிடைப்பதில்லை, நான் போலிக் கிறிஸ்தவனா என்று மனம் நொந்து கேட்டிருக்கிறார்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் 27 ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்துகிறேன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். இறையியல் படித்தவன் அல்லன். இதே கேள்வியைப் பல ஆண்டுகள் மனத்துக்குள் சுமந்து நடந்தவன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் போலி அல்ல. ஆலயத்தில் கலங்கிய கண் உண்மையானதுதான். ஆனால் அந்தக் கலக்கத்தையே வாரம் முழுவதும் பிடித்து வைத்திருப்பதுதான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டால் நீங்கள் தினமும் தோற்பீர்கள். ஏனென்றால் உணர்ச்சி நம் கட்டளைக்கு வருவதில்லை. கைக்கு நாம் கட்டளையிடலாம். அடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கு உங்கள் கை வழியாக எங்கெல்லாம் கடந்து போகிறதோ, அங்கே தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்லக் கூடியது.

இதை எனக்கு முதலில் கற்பித்தது என் தாயார் எடுத்து வைத்த பிடி அரிசி. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலைக்கு அரிசியை அளந்து முறத்தில் போட்டதும், களைவதற்கு முன்பாக, அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தனிப் பானையில் அம்மா போடுவார்கள். வாரக் கடைசியில் அந்த அரிசி சபைக்குப் போகும். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதல்ல அது. அளந்ததிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தில் சமைப்பது. வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாட்களில் அம்மாவின் கை சற்றுச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பானைப் பக்கம் போகாமல் இருந்ததில்லை. அந்த நேரத்தில் அவர்கள் கண்ணை மூடி ஜெபித்ததாகவோ பாடியதாகவோ எனக்கு நினைவில்லை. பெரும்பாலும் எங்களில் யாரையாவது பள்ளிக்குக் கிளம்பச் சொல்லி அதட்டிக்கொண்டேதான் அதைச் செய்வார்கள்.

இப்படிச் சேர்ந்த சிறு காணிக்கைகள் என்ன செய்யும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், உள்ளூர்ச் சபைகளின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்தத் தோர்ணக்கல்லுக்குத்தான் 1912-இல் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். மிசோரத்துச் சபைகளிலும் 1910 முதல் பெண்கள் இதே போலச் சமையலுக்கு முன் பிடி அரிசி எடுத்து வைத்து வருகிறார்கள். நம் ஊருக்கும் அந்த மலைநாட்டுக்கும் மொழியும் உணவும் வேறு. அரிசி அள்ளும் கை ஒன்றாக இருப்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகும்.

வேதம் வாசிக்க நேரம் இல்லை என்கிறீர்கள். அதையும் பிடி அரிசியைப் போலவே நடத்துங்கள். நாளில் மிஞ்சும் நேரத்தைக் கொடுக்கலாம் என்று நினைத்தால் மிஞ்சவே மிஞ்சாது. கைப்பேசியைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு சங்கீதம் போதும். 117-ஆம் சங்கீதத்தில் மொத்தம் இரண்டே வசனங்கள். அதையாவது வாசித்துவிட்டுக் கிளம்பலாம்.

இனி என் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. காலையில் குடும்ப ஜெபம் முடித்துவிட்டுத்தான் கடையைத் திறப்பேன். கல்லாவுக்கு மேலே வசன அட்டை தொங்கும். அதே கல்லாவுக்கு அருகே இருந்த மின்னணுத் தராசில் முந்திரி, திராட்சை, ஏலக்காய் எல்லாவற்றையும் தடித்த காகிதப் பையில் போட்டு, பையோடு சேர்த்தே நிறுத்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் காலத்திலும் அப்படித்தான் நடந்தது, அக்கம்பக்கத்துக் கடைகளிலும் அப்படித்தான் என்பதால் அது தவறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில், பனையேறிப் பிழைத்த குடும்பத்து மூதாட்டி ஒருவர் கால் கிலோ முந்திரி வாங்கிவிட்டு, பையைக் கையில் தூக்கிப் பார்த்தபடி, "ஏன் அண்ணாச்சி, காயிதத்துக்கும் சேத்துத்தான் காசா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எல்லாக் கடையிலயும் அப்படித்தான் ஆச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரவு கடை சாத்தியபின் வெறும் பையைத் தட்டில் வைத்தேன். 12 கிராம் காட்டியது. அப்போது முந்திரி கிலோ 900 ரூபாய். ஒரு பொட்டலத்துக்கு 10 ரூபாய் 80 காசு. பண்டிகை நாட்களில் ஒரு நாளைக்கு 35 பொட்டலம் போகும். தராசில் 'டேர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பையை வைத்து அதை அழுத்தினால் எடை சுழியத்துக்கு வந்துவிடும், அதன் பிறகு சரக்கைப் போட்டால் சரக்கின் எடை மட்டும் தெரியும். அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகும். அத்தனை ஆண்டு ஜெபித்த எனக்கு அந்த ஒரு நொடி வாய்க்கவில்லை.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் கொடுத்து நாங்கள் முத்திரை பெற வேண்டும். என் தராசும் முத்திரை பெற்ற தராசுதான். அதில் பழுது இல்லை. அன்றிரவு நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." 'சுமுத்திரையான நிறைகல்' என்பது மூல எபிரெயத்தில் 'நிறைவான கல்' என்ற பொருளுடைய சொல் என்பார்கள், நம் மொழிபெயர்ப்பாளர்கள் கடைத்தெருவில் புழங்கும் முத்திரை என்ற சொல்லையே அங்கே வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் முத்திரை என் தராசில் இருந்தது. கர்த்தருடைய முத்திரை வேண்டிய இடம் அந்தப் பொத்தானை அழுத்தும் என் விரல் என்று அன்று விளங்கியது.

மறுநாள் முதல் பையைக் கழித்து நிறுக்கிறேன். ஆனால் பழையதை என்ன செய்வது? இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுப்பதாகச் சொன்னார், அவருக்கு ஆட்கள் யாரென்று தெரிந்திருக்கும். எனக்கு யாரிடம் எவ்வளவு எடுத்தேன் என்றே தெரியாது. எங்கள் குருவானவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். அநியாயமாய் எடுத்ததை அதன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், வாங்குவதற்கு உரியவன் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேர வேண்டும் என்று அங்கே இருக்கிறது. கையில் இருந்த மூன்று ஆண்டுக் கொள்முதல் பில்களை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஏறத்தாழ 6,000 ரூபாய் வந்தது. 1,200 சேர்த்து 7,200 ரூபாயைச் சபையில் ஏழைகளுக்கான நிதியில் போட்டேன். அந்த ஆச்சியின் வீடு மட்டும் தெரியும் என்பதால் நேரில் போய்ச் சொல்லி, ஒரு கால் கிலோ பொட்டலத்தைக் கொடுத்து வந்தேன்.

உங்கள் அலுவலகத்தில் தராசு இருக்காது. ஆனால் பயணப்படிப் பில் இருக்கும், வருகைப் பதிவேடு இருக்கும், பிழை நடந்தால் பழியை ஏற்க ஒரு புதிய பையன் இருப்பான். ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்துவிட்டு 120 என்று எழுதுவது எல்லோரும் செய்வதுதான் என்ற எண்ணம் வரும் இடத்தில்தான் உங்கள் காகிதப் பை இருக்கிறது. உங்கள் மேசை வழியாக யாருடைய கூலியாவது கடந்து போகிறதென்றால் அதில் கூடுதல் கவனம் வையுங்கள். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரின் பில் உங்கள் மேசையில் மூன்று நாள் கிடந்தால் ஒரு வீட்டில் மூன்று நாள் கடன் வாங்கிச் சமைக்கிறார்கள். மற்றவற்றுக்கு முன் அதை எடுத்து முடித்து அனுப்புங்கள்; நீங்கள் அலுவலகத்தில் செய்யக்கூடிய ஜெபங்களில் அது ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒருவர் மேல் கசப்பு இருக்கும்போது ஜெபிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆராதனையில் நாம் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில் 'குற்றங்களை மன்னியும்' என்று வரும். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அங்கே இருக்கும் சொல் கடன், கடனாளி. பற்று நோட்டு வைத்திருக்கும் கடைக்காரனுக்கு அந்த வசனத்தைத் தாண்டிப் போவது எளிதல்ல. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சரக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு 4,300 ரூபாய் வரை பற்று ஏறியது. அதன் பிறகு அவர் என் கடை இருக்கும் தெருவையே விட்டுவிட்டு, சுற்றுப்பாதையில் போய்வரத் தொடங்கினார். நானும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் கசப்பாகப் பேசினேன். எல்லாக் கடனையும் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் கடை ஓடாது, கடன் வாங்கியவருக்கும் அது பல வேளைகளில் அவமானமாகவே இருக்கும். ஆனால் அவர் என் முகத்துக்கு அஞ்சித் தெருவை மாற்றிக்கொண்டார் என்பது பணத்தைவிடப் பெரிய கணக்கு. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதைப் பல தடவை வாசித்திருந்தும், அவர் வீட்டுக்குப் போக எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.

ஒரு சனிக்கிழமை இரவு போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவர் மனைவி உள்ளே போய்விட்டார். "பணத்துக்கு வரல தம்பி. நீங்க பழையபடி கடைப் பக்கமா வாங்க, முடிஞ்சப்போ குடுங்க" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வாரம் 100 ரூவா தரவா அண்ணாச்சி?" என்று கேட்டார். சரி என்றேன். உள்ளேயிருந்து கட்டன்சாயா வந்தது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். மறுநாள் காலை ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது அந்த வரியில் என் குரல் தடுமாறவில்லை. திங்கட்கிழமை அவருடைய ஆட்டோ என் கடை வாசல் வழியாகப் போனது. ஒலிப்பானை ஒருமுறை அடித்துவிட்டுப் போனார்.