கட்டிய 3 லட்சத்துக்காகப் பாலிசியைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் வேலை. சித்தப்பா சொன்னார் என்று 20 வருட எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) ஒன்று எடுத்தேன். வருடத்துக்கு 60,000 ரூபாய் பிரீமியம். ஐந்து தவணையில் 3 லட்சம் கட்டியாச்சு. முடிவில் 20 லட்சம் வரும் என்று ஏஜென்ட் தந்த தாளில் இருக்கிறது. இப்போது பாலிசியை நிறுத்திப் பணத்தைத் திரும்ப வாங்கினால், அதாவது சரண்டர் செய்தால், 1.5 லட்சம்தான் கிடைக்குமாம். "மொத்தமாகப் பார்த்தால் 5 சதவீதம்கூடத் தேறாது, விட்டுத் தொலை" என்கிறான் தம்பி. பாதிப் பணத்தை இழக்க மனசு வரவில்லை. ஐபிஎல் அணிகளே கோடிகள் கொட்டி வாங்கிய வீரர் சொதப்பினாலும் தொடர்ந்து ஆட வைக்கிறார்களே சார், நான் மட்டும் ஏன் விட வேண்டும்? அடுத்த மாதம் ஆறாவது தவணை.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆட வைக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்கு ஆய்வே உண்டு. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஏலம் கிடையாது. டிராஃப்ட் என்று வரிசை முறையில் இளம் வீரர்களை எடுப்பார்கள். 1980 முதல் 1986 வரை அப்படி எடுக்கப்பட்டவர்களை பேரி ஸ்டா, ஹா ஹோவாங் இருவரும் ஆராய்ந்து 1995-இல் எழுதினார்கள். ஏறக்குறைய ஒரே தரத்தில் ஆடுகிறவர்களில், டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவருக்கே களத்தில் அதிக நிமிடங்கள் கிடைத்தன. லீக்கிலும் அவரே கூடுதல் வருடங்கள் நீடித்தார். 1999-இல் கேமரர், வெபர் இருவரும் இன்னும் கறாராகச் சோதித்தபோது இந்தத் தாக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, ஆனால் காணாமல் போகவில்லை.

ஆக, சம்பளம் வாங்கிக்கொண்டு இதே வேலையாக இருக்கிற நிபுணர்களே சறுக்குகிற இடம் இது. அதைப் போய் நீங்கள் முன்மாதிரியாக எடுக்கலாமா?

சறுக்காதவர்களையும் பாருங்கள். 2023 சீசனுக்கு சென்னை சூப்பர் கிங்ஸ் பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு வாங்கியது. ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு. ஸ்டோக்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 15 ரன் எடுத்தார், அப்புறம் காயம். வான்கடேயில் மும்பைக்கு எதிராக ரஹானே உள்ளே வந்தார். 27 பந்தில் 61. அந்த சீசனில் ஸ்டோக்ஸ் அதன்பின் ஆடவே இல்லை, கோப்பை சென்னைக்கு வந்தது. காயம் அந்த முடிவைச் சுலபமாக்கியது, சரி. ஆனாலும் 16.25 கோடி வீணாகிறதே என்று 50 லட்சத்துக்காரரை யாரும் வெளியே உட்கார வைக்கவில்லை.

இதுவரை தம்பி சொல்வதுதான் சரி என்று தோன்றும். ஆனால் போன பணத்தை இன்றைய முடிவில் சேர்க்கிற அதே ஓட்டை அவர் கணக்கிலும் இருக்கிறது.

2024-இல் கொல்கத்தா, மிட்செல் ஸ்டார்க்குக்கு 24.75 கோடி கொடுத்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் 8 ஓவர் வீசி 100 ரன் கொடுத்தார், விக்கெட் ஒன்றுகூட இல்லை. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை கோடி என்று ஊரே வகுத்துப் பார்த்துச் சிரித்தது. கொல்கத்தா அந்த வகுத்தலில் இறங்கவில்லை. முதல் குவாலிஃபயரில் அவர் 3 விக்கெட், சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 14 ரன்னுக்கு 2 விக்கெட். இரண்டிலும் ஆட்ட நாயகன் அவர்தான். அதோடு முடியவில்லை. அடுத்த மெகா ஏலத்துக்கு முன் கொல்கத்தா அவரைத் தக்கவைக்கவில்லை, டெல்லி 11.75 கோடிக்கு எடுத்தது. கோப்பை வாங்கித் தந்தார் என்பதும் பழைய கணக்குதானே!

தம்பி முதல் தவணையிலிருந்து வட்டி போடுகிறார். அந்தக் கணக்கு தப்பில்லை, சுமார் 4.6 சதவீதம் வரும். ஆனால் அந்த முதல் ஐந்து வருட அடியை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். தொடர்ந்தாலும் விட்டாலும் அது திரும்பாது. இன்று உங்கள் கையில் இருப்பது 3 லட்சம் அல்ல, 1.5 லட்சம். அதையும் அடுத்த 15 வருடம் கட்டப்போகும் 60,000-ஐயும் பாலிசியிலேயே விட்டால் 20 லட்சம். இதற்கு என்ன வட்டி? சுமார் 6.9 சதவீதம். அதே பணத்தை பிபிஎஃப் (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) மாதிரி ஓர் இடத்தில் 7 சதவீதத்தில் போட்டால் 20 லட்சத்து 27 ஆயிரம் வரும். 15 வருடத்தில் 27,000 வித்தியாசத்துக்காகத் தம்பியோடு சண்டை வேண்டாம். நடுவில் காப்பீடும் இருக்கிறது என்று பார்த்தால், தொடர்வது தப்பே இல்லை.

அந்த 20 லட்சம் உண்மையாக இருந்தால்!

ஏஜென்ட் தந்த தாளை எடுத்துப் பாருங்கள். அதில் நிறுவனத்தின் முதலீடு வருடத்துக்கு 4 சதவீதம் வளர்ந்தால், 8 சதவீதம் வளர்ந்தால் என்று இரண்டு பகுதி இருக்கும். இரண்டும் ஓர் அனுமானத்தில் போட்டுக்காட்டிய தொகைகள், உத்தரவாதம் அல்ல. 20 லட்சம் 8 சதவீதப் பகுதியில் இருக்கும் என்பது என் சந்தேகம். விற்கிறவர் விரல் அங்கேதான் நிற்கும். கடைசியில் 17 லட்சம்தான் வரும் என்றால் இன்றிலிருந்து கிடைக்கும் வட்டி 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அப்படியானால் நிறுத்துங்கள் என்றே சொல்வேன்.

ஆகவே தவணை கட்டுவதற்கு முன் கிளை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இதுவரை உங்கள் பாலிசியில் சேர்ந்த போனஸ் எவ்வளவு, இன்றைய சரண்டர் மதிப்பு எவ்வளவு, பெய்டு-அப் செய்தால் முதிர்வில் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், சித்தப்பா வழியாகவும் வேண்டாம். சேர்ந்த போனஸ் இதே வேகத்தில் போனால் 20 லட்சத்தை எட்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பெய்டு-அப் என்றால் பிரீமியத்தை நிறுத்திவிட்டு பாலிசியை அப்படியே வைத்திருப்பது. காப்புத்தொகை கால்வாசியாகக் குறையும், பெரும்பாலும் புது போனஸ் சேராது, பணம் முதிர்வில்தான் வரும். நிறுத்துவது என்று முடிவானால் ஒரே ஒரு ஒப்பீடு போதும்: 1.5 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டால் 15 வருடத்தில் 4 லட்சத்து 14 ஆயிரம் ஆகும். பெய்டு-அப் தொகை அதைவிடக் குறைவு என்றால் சரண்டர் செய்துவிடுங்கள்.

வேறு காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் டேர்ம் பாலிசிக்கு (சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு) விண்ணப்பியுங்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்து பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பாலிசியில் கை வைக்க வேண்டும். அதற்குள் கெடு வந்தால் ஆறாவது தவணையைக் கட்டிவிடுங்கள்.