ரீகால் சென்சாருக்கு 4,000 ரூபாய் கேட்கிறார் புரோக்கர்: கொடுக்கலாமா?

கேள்வி: 2021-இல் தயாரான பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்ஜின் சூடேறினால் சிக்னலில் அப்படியே அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை அளக்கும் கருவி) கோளாறுக்காக இந்த மாடலை ரீகால் செய்திருப்பதாக, அதாவது கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவதாகப் பழைய ஓனர் சொன்னார். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "நீங்கள் இரண்டாவது ஓனர், வண்டியை வெளியில் சர்வீஸ் செய்திருக்கிறீர்கள்" என்று தட்டிக்கழிக்கிறார்கள். 4,000 ரூபாய் கொடுத்தால் ரீகால் பட்டியலில் சேர்த்துவிடுவதாகப் புரோக்கர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரீகால் பட்டியலில் யாரும் யாரையும் "சேர்த்துவிட" முடியாது. அது சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி தயாரிக்கிற பட்டியல். உங்கள் வண்டி அதில் இருந்தால் வேலை இலவசம். இல்லையென்றால் எந்தப் புரோக்கராலும் ஒன்றும் ஆகாது. அவர் செய்யப்போவது இவ்வளவுதான்: உங்கள் ஆர்சி நகலை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவார், நீங்களே போனால் இலவசமாக நடக்கிற வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு 4,000 ரூபாயைப் பையில் போட்டுக்கொள்வார். இருபது வருடமாக இந்த வியாபாரத்தைப் பார்த்து வருகிறேன். இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

கடிதம் வராததற்குக் காரணம் எளிது. கம்பெனியின் கணக்கில் இன்னும் முதல் ஓனரின் முகவரியும் போன் நம்பரும்தான் இருக்கும். ஆர்டிஓவில் பெயர் மாற்றினால் கம்பெனியின் கணக்கில் தானாக மாறிவிடாது. ரீகால் வண்டிக்கு உரியது, வாங்கியவருக்கு அல்ல. இரண்டாவது ஓனரா ஐந்தாவது ஓனரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வெளியில் சர்வீஸ் செய்தது வாரண்டியில் பேச வேண்டிய சமாச்சாரம். அதை ரீகாலோடு போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலில் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்துக்குப் போய், ஆர்சியில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரை அடித்துப் பாருங்கள். அந்த நம்பரில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், கோடாகத் தெரிவது ஒன்று. பூஜ்யத்துக்குப் பதில் ஓ அடித்துவிட்டு, "என் வண்டி பட்டியலில் இல்லை" என்று திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இணையதள முகவரியையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு ரீகால்" என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம். ரீகாலுக்கு ஓடிபியும் தேவையில்லை, வங்கிக் கணக்கும் தேவையில்லை.

பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே அடுத்த பொறி காத்திருக்கும். "சென்சார் இலவசம்தான் சார், லேபர் மட்டும் கட்டுங்கள், திராட்டில் பாடியையும் கிளீன் பண்ணிவிடலாம்" என்பார்கள். ரீகாலில் லேபரும் இலவசம். ஜாப் கார்டில் (செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாள்) ரீகால் வேலையைத் தவிர வேறு வரி இருந்தால் அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பழைய ஓனர் ஏற்கெனவே வெளி மெக்கானிக்கிடம் சென்சாரை மாற்றியிருக்கலாம். அப்படியானால் "ஒரிஜினல் பார்ட் இல்லை, ரீகால் கிடையாது" என்பார்கள். விடாதீர்கள். மாற்றியது கம்பெனி பார்ட்டாக இருந்தாலும், அதுவும் அதே பழுதுள்ள பேட்சைச் சேர்ந்ததாக இருக்கலாம். டூப்ளிகேட் என்றால் கேட்கவே வேண்டாம். கிராங்க் சுற்றும் கணக்கைச் சென்சார் சரியாகச் சொல்லாவிட்டால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும், ஓடுகிற வண்டி அணைந்துவிடும். சேசிஸ் நம்பர் பட்டியலில் இருக்கும்வரை புது சென்சார் கேளுங்கள். மறுத்தால், மறுக்கும் காரணத்தை ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். என் உறவினர் வண்டிக்கு இதே பதிலைச் சொன்ன ஒரு சர்வீஸ் சென்டர், எழுதித் தரச் சொன்னதும் அன்று மாலையே சென்சாரை மாற்றிக்கொடுத்தது. பழைய ஓனரிடம் பில் இருந்தால் அதையும் வாங்கி வையுங்கள். செலவான பணத்தைக் கேட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுத அது வேண்டும்.

பட்டியலில் இல்லையென்றால்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள்படி கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்களும் சேர வேண்டும். நடுரோட்டில் எத்தனை வண்டி அணைந்தால் போதும் என்று எண்ணிக்கொண்டிருப்பது என்ன நியாயமோ! இருந்தாலும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் புகாரைப் பதியுங்கள். எண்ணிக்கையில் ஒன்று கூடும். சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

சென்சார் மாற்றும்வரை பைபாஸ் பக்கம் போகாதீர்கள். ஓட்டத்தில் அணைந்தால் ஸ்டீயரிங் கனமாகும், பயப்படாமல் பலமாகத் திருப்புங்கள். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்கம் (காற்று உறிஞ்சும் விசை) ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சமிருக்கும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடித்து, இடது ஓரம் ஒதுங்கி ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.