அனுபவசாலிகள்

கேள்வி: ஆணோடு வெளியே போகிற பெண் காரின் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது, நடனமாடும்போது பேசக் கூடாது என்று 1938-ல் அமெரிக்காவின் 'கிளிக்' பத்திரிகை படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறதே! இதெல்லாம் அந்தக் கால அனுபவசாலிகள் நல்லெண்ணத்தில் சொன்னதுதானே?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அனுபவசாலிகளா! அந்தச் சொல்லைக் கேட்டாலே என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும்.

அந்தப் படங்களை நானும் பார்த்தேன். கண்ணாடி வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டுமாம். நியாயம்தான், பின்னால் லாரி வரலாம். ஆனால் குடித்து மயங்கி விழாதே, விழுந்தால் அவர் மறுபடி கூப்பிட மாட்டார் என்கிறார்களே, விழுந்தவள் முகத்தில் தண்ணீர் தெளிப்பது யார் என்று ஒரு வரி உண்டா?

நல்லெண்ணத்தையும் பார்ப்போம். 1944-ல் தொடங்கிய 'செவன்டீன்' என்ற அமெரிக்கப் பத்திரிகை பள்ளிப் பெண்களுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுத்தது. அதே கையோடு 'டீனா' என்றொரு கற்பனைப் பெண்ணை உருவாக்கி, "இவள் என்னென்ன வாங்குவாள் பாருங்கள்" என்று விளம்பரதாரர்களுக்குக் கடை விரித்தது. எங்கள் விளம்பர மேலாளர் கண்ணில் இது படக் கூடாது. நாளைக்கே டீனாவுக்கு மீனா என்று ஒரு தங்கை பிறந்துவிடுவாள்.

அனுபவத்துக்கு வருகிறேன். 'ஆன் லேண்டர்ஸ்' என்ற புனைபெயரில் 1955 முதல் சிகாகோ பத்திரிகையில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதி ஊருக்கெல்லாம் வழி சொன்னவர் எப்பி லெடரர். கடிதக் குவியலைச் சமாளிக்க முதலில் கைகொடுத்தவர் இரட்டைத் தங்கை பாலின். 1956-ல் தங்கை சான் பிரான்சிஸ்கோவில் 'டியர் ஏபி' என்று அதேபோல் ஒரு பதில் பத்தி தொடங்கித் தனிக்கடை போட்டார். முடிந்தது கதை. பல வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை! அதற்காகக் கடை அடைத்தார்களா? தோழியோடு சண்டையா, அம்மாவோடு மனஸ்தாபமா, எல்லாவற்றுக்கும் இருவரிடமும் பதில் தயார். "கூடப் பிறந்தவள் பேச மாட்டேன் என்கிறாள்" என்று யாராவது இருவருக்கும் எழுதிப் போட்டிருந்தால், இருவருமே தன் வீட்டுக் கடிதமோ என்று கையெழுத்தை உற்றுப் பார்த்திருப்பார்கள்.

1975-ல் எப்பியின் 36 வருஷத் திருமணம் முறிந்தது. அதைப் பத்தியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மீதி இடத்தை வெறுமனே விடச் சொன்னார். அவர் தந்ததிலேயே எனக்குப் பிடித்தது அந்த வெள்ளைக் காகிதம்தான். நானும் உங்களுக்கு அப்படியே பதில் சொல்லியிருப்பேன். இந்தப் பக்கத்தின் மிச்ச இடத்தை மூட்டுவலித் தைலத்துக்கு விற்றாகிவிட்டதாம்.