ஊர்ந்து சுற்றும் ஃபேன்

கேள்வி: எங்கள் கூடத்து சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தாலும் ஊர்ந்துதான் சுற்றுகிறது. மெக்கானிக் 'நாளைக்கு வர்றேம்மா' என்றே பதினைந்து நாளை ஓட்டிவிட்டார். 52 வயதில் நானே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளலாமா? கையில் ஒரு டெஸ்டர் மட்டும்தான் இருக்கிறது.
- ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் அம்மா. கும்பகோணத்தில் முப்பது வருஷமாக 'நாளைக்கு' சொல்லி வருகிறவன்தான் நானும். தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

எந்நேரமும் ஊர்கிறதா, சில நேரம் மட்டுமா என்று முதலில் பாருங்கள். குறுவை நடவுக்கு பம்ப்செட்டெல்லாம் ஓடுகிற நாளில் நம் பக்கம் வோல்டேஜ் இறங்கும். குண்டு பல்பும் கூடவே மங்கினால் ஃபேன் மேல் குற்றமில்லை.

எந்நேரமும் அப்படித்தான் என்றால் மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் பேரிங். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். ஃபேன் தொங்கும் கம்பியில் இருக்கும் கிண்ணத்துக்குள், இரண்டு ஒயரோடு, கரண்டைச் சேர்த்துவைத்து விடுகிற சின்னப் பெட்டி அது. மேலே பெரும்பாலும் 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், அதன் கொள்ளளவு) என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவு குறையக் குறைய வேகமும் குறையும். சுவர் சுவிட்சை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயரில், கொடுத்திருப்பார்கள், அணைத்த ஃபேனிலும் கரண்ட் நிற்கும். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். முன்னதாக அந்த டெஸ்டர் எரிகிறதா என்று வேறொரு பிளக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றுமுன் ஒயர் இருக்கிற இடத்தை செல்போனில் ஒரு படம். கெபாசிட்டரின் இரண்டு முனையையும், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டுவிட்டுப் பிறகு கை வையுங்கள். பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், மிச்சமிருந்த சார்ஜ் அது.

கெபாசிட்டர் அளவைக் கூட்டிப் போட்டால் காற்று கூடும் என்று யாராவது சொல்வார்கள். தொழில் பழகிய புதிதில் ஒரு வீட்டில் 2.5-க்குப் பதில் 4 போட்டேன். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது, காபி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் போனால் வார்னிஷ் கருகிய வாடை. மோட்டார் காயிலை (கம்பிச் சுருளை) புதிதாகக் கட்டியது என் சொந்தச் செலவு.

ஃபேன் சரியானால், பழுதைக் கண்டுபிடிக்க அடுத்தது சீரிஸ் பல்ப். 100 வாட்ஸ் குண்டு பல்பின் வழியாகக் கரண்ட் வருகிற ஒரு பிளக் பாயின்ட், அவ்வளவுதான். அதை ஒயர்மேனிடம் கட்டி வாங்குங்கள். சந்தேகமான ஃபேனை அதில் சொருகினால், பல்ப் பளிச்சென்று நின்றால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லையென்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. அயர்ன் பாக்ஸுக்கும் மிக்சிக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது, நல்ல சாமானே பல்பைப் பளிச்சென்று எரிய வைக்கும்.

மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றித் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டர் ஆளைக் கொல்லும். பழைய பிக்சர் டியூப் டிவியும் அப்படித்தான்.

ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய கெபாசிட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் கடைப் பையன் தண்ணி மோட்டாருக்குப் போடுகிறதை எடுத்து நீட்டுவான்.