செப்டம்பரில் கிடைக்கும் கடற்கரை ஃபிளாட்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன். சென்ற ஜூலையில் சுற்றுலா போனபோது ஸ்பெயினின் தேனியா ஊர் மிகவும் பிடித்துப்போனது. மனைவி, ஆறு வயது மகளோடு அங்கே இரண்டு வருடம் இருக்க ஆசை. லாஸ் மரீனாஸ் கடற்கரையை ஒட்டி ஒரு ஃபிளாட் குறைந்த வாடகைக்கு வருகிறது, செப்டம்பரில் குடியேறலாம் என்கிறார் புரோக்கர். முன்பணம் கட்டலாமா? (கோவை வாசகர்)

பதில்: இப்போது கட்டாதீர்கள். வாடகை ஏன் குறைவு என்று புரோக்கரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது செப்டம்பர் முதல் ஜூன் வரைக்குமான பருவகால ஒப்பந்தமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அதே வீட்டை வாரக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் வீட்டுக்காரருக்குப் பல மடங்கு வருமானம். ஜூன் கடைசியில் நீங்கள் பெட்டி கட்ட வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் கடற்கரை முழுக்க மலிவாக வேறு வீடு தேடுவது பெரும்பாடு.

நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தம் வேறு. வீட்டுக்காரர் நிறுவனமாக இல்லாமல் தனிநபர் என்றால் ஐந்து வருடம் வரை தொடர்ந்து இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டம் கட்டாயமாக்கும் முன்பணம் ஒரு மாத வாடகை. பருவகால ஒப்பந்தத்தில் அது இரண்டு மாதம். 2023இல் வந்த வீட்டு வசதிச் சட்டத்துக்குப் பிறகு, நிரந்தர ஒப்பந்தத்தில் புரோக்கர் கமிஷனை வீட்டுக்காரர்தான் தர வேண்டும். பருவகால ஒப்பந்தத்தில் அதை உங்கள் தலையில் கட்டலாம். அந்த ஒப்பந்தத்தை உங்களிடம் தள்ளிவிட ஏன் அவசரப்படுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். மகள் படிக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. நகராட்சியில் முகவரிப் பதிவு, அதை வைத்துப் பள்ளிச் சேர்க்கை, குடியிருப்பு அட்டை எல்லாமே வீட்டைச் சுற்றித்தான் நிற்கின்றன.

அடுத்தது குளிர். ஜூலையில் பார்த்த வீட்டை ஜனவரியில் போய்ப் பாருங்கள். தேனியாவில் வெயில் உள்ள குளிர்காலப் பகல் இதமாகவே இருக்கும், வீட்டுக்குள்தான் நடுங்கும். கோடைக்காகக் கட்டிய ஃபிளாட்டுகள் அவை. தரையெல்லாம் டைல்ஸ், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், சூடாக்கும் வசதி கிடையாது. கடல் ஈரத்தில் சுவரில் ஓதம் ஏறி, அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கும். அலமாரியை நகர்த்திப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏசி சூடும் தருமா, தெற்குப் பார்த்த வீடா, மின் இணைப்பு எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். 3.45 கிலோவாட் இணைப்பு என்றால் ஹீட்டரும் மின் அடுப்பும் வாஷிங் மெஷினும் சேர்ந்து ஓடும்போது மின்சாரம் டிரிப் ஆகிவிடும், நடு மீட்டிங்கில். அப்புறம், லாஸ் மரீனாஸ் பக்கம் குளிர்காலத்தில் பாதி வீடுகளின் ஷட்டர் இறங்கியிருக்கும், பல உணவகங்கள் மூடியிருக்கும். ஊருக்குள், மார்கேஸ் தெ காம்போ சாலைப் பக்கமோ மீனவர் குடியிருப்பான பாய்ஷ் லா மார் பக்கமோ பார்ப்பது உங்களுக்கு நல்லது. கடை, பள்ளி எல்லாம் நடந்து போகிற தூரம், கடலும் பக்கம்தான்.

விசாவுக்கு வருவோம். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கான ஸ்பெயின் விசா 2023 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. தூதரகம் வழியாக ஒரு வருடம் வரை கிடைக்கும். சட்டப்படி தங்கியிருக்கும்போது அங்கேயே விண்ணப்பித்தால் மூன்று வருடம் வரை. வருமானம் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். 2025 கணக்கில் மாதம் சுமார் 2,763 யூரோ. மனைவி, மகளையும் சேர்த்தால் அது ஏறக்குறைய 4,150 யூரோ ஆகும். நிறுவனத்தில் மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், பட்டமோ மூன்று வருட அனுபவமோ வேண்டும். இவற்றைவிடப் பலர் மாட்டிக்கொள்வது சமூகப் பாதுகாப்பில், அதாவது நம் ஊர் பி.எஃப். போலச் சம்பளத்தோடு சேர்ந்த அரசுத் திட்டத்தில். உங்கள் நிறுவனம் ஸ்பெயினில் பதிந்து சந்தா கட்ட வேண்டிவரலாம். அதற்கு எத்தனையோ நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. ஆகவே முதலில் எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வருவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

வரி: வருடத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் அங்கே வரி கட்டுபவர் ஆகிவிடுவீர்கள். தகுதியிருந்தால் ஆறு லட்சம் யூரோ வரை வருடச் சம்பளத்துக்கு 24 சதவீதம் என்ற ஒரே விகித வரியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் சமூகப் பாதுகாப்பில் பதிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு ஓர் உள்ளூர் வரி ஆலோசகர் அவசியம்.

வேலை நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. பெங்களூரில் காலை 10 மணி மீட்டிங் என்றால் டிசம்பரில் உங்களுக்கு விடியற்காலை 5.30. அதற்கு ஈடாக மதியத்துக்குப் பிறகு மகளோடு கடற்கரைக்குப் போகலாம். பள்ளியில் ஸ்பானிய மொழியோடு அந்த வட்டாரத்தின் வலென்சிய மொழியும் பாடமொழி என்பதை அவளுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

முடிந்தால் ஜனவரியில் இரண்டு வாரம் மூவருமே போய்த் தங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஊர் பிடித்திருந்தால் நிரந்தர ஒப்பந்தம் கேட்டு வீடு தேடுங்கள்.